கண்ணாடி முகப்பு

நகரமைப்பு ஆய்வாளர் செண்பகவல்லி அந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் வரைபடத்தை மூன்றாம் முறையாகத் திருப்பிக் கொடுத்தாள். முகப்பு முழுவதும் கண்ணாடி.

"நாள் முழுக்க ஏ.சி. ஓடணும் சார். அதுக்கு எங்கயோ நிலக்கரி எரியணும். விதி இதுக்கு இடம் குடுக்கல."

"விதியெல்லாம் யாரும்மா பாக்குறா?" என்றார் கட்டுநர் மரியசெல்வம்.

"நான் பாக்குறேன்."

இடமாற்றம் செய்துவிடுவதாக மிரட்டல் வந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. கடைசியில் மரியசெல்வம்தான் இறங்கிவந்தார். கண்ணாடி போய்ச் சுவரும் ஜன்னலும் சன்ஷேடும் வந்தன.

கட்டி முடித்ததும், கத்திரி வெயிலில் அவள் பார்வையிடப் போனாள். நான்காம் மாடியில் காற்று இதமாக வீசியது.

"கரண்ட் போயி ஒரு மணி நேரமாச்சு மேடம்" என்றார் அங்கிருந்த பெயிண்டர்.

கூடவே வந்திருந்த மரியசெல்வம் ஒரு புதிய வரைபடத்தை நீட்டினார். "அடுத்தது. ஏழு மாடி."

ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே சன்ஷேடு வரைந்திருந்தது. இந்த முறை யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.