பயிற்சியாளரின் கியர்

ஜனவரி 18, காலை ஏழு மணிக்கு ஏற்காடு அடிவாரத்தில் பெண்கள் சைக்கிள் போட்டி தொடங்கியது. சந்தனமாரியின் அணி ஓட்டிய சைக்கிள்களில் கியர் கம்பி கிடையாது. பின்னால் காரில் வரும் பயிற்சியாளரே கைப்பேசியிலிருந்து கியரை மாற்றுவார். பதினெட்டாவது வளைவில் சந்தனமாரி அணித்தோழி ஹர்ஷிதாவை முந்தியதும் அவளுடைய பெடல் சட்டெனக் கனத்தது.

கார் பக்கத்தில் வந்தது. "ஹர்ஷிதா கேப்டன்மா. அவளை முன்னால விடு, கியரை இறக்குறேன்."

சந்தனமாரி ஒரு கையைப் பின்னால் விட்டு, கியரின் பேட்டரியைக் கழற்றி, ஜன்னல் வழியாக அவர் மடியில் போட்டாள்.

"லூசா நீ? மலை முடியிறவரைக்கும் இந்தக் கியர்லயேதான் சாவணும்!"

"இருக்கட்டும் சார். மிதிக்கது என் காலுதான?"

மீதி ஏற்றம் முழுவதும் எழுந்து நின்றே மிதித்தாள்.

சந்தனமாரி நான்காவதாக வந்தாள். ஹர்ஷிதா ஐந்தாவது.