இடது இறக்கையின் காவலர்

வாருங்கள், தாமதத்தைச் சபிக்கும் பெருமக்களே! இந்தக் கண்ணாடி அறைக்குள் வந்து, இவள் தோளுக்குப் பின்னால் நின்று, நடப்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

விமானங்கள் நிற்கும் தளத்தில் எது எப்போது நகரலாம் என்று சொல்பவள் இவள். கட்டைவிரல் ரேடியோப் பொத்தானின் மேல் இருக்கிறது. இன்னும் அழுத்தவில்லை.

கடைக்கோடி விமானம் பின்னோக்கித் தள்ளப்படக் காத்திருக்கிறது. இரண்டு இறக்கைகளிலும் நுனிக்கொருவர் நின்று, பின்னால் தடையில்லை என்று ரேடியோவில் சொல்ல வேண்டும். அதன் பிறகே அனுமதி. வலது இறக்கைக்காரர் சொல்லிவிட்டார். இடது இறக்கைக்காரரோ மௌன விரதம்.

அந்த மூலையைக் கட்டடத்தின் தூண் மறைக்கிறது. கேமராவில் மட்டும் அவர் முதுகு தெரிகிறது. தலைக்கவசம், மஞ்சள் சட்டை, சிப்பாய் தோற்கும் விறைப்பு. சட்டையின் ஓரம் காற்றில் படபடக்கிறது.

அவருக்குப் பின்னால் பயணிகளின் பெட்டிகளை ஏற்றிய வண்டிகள் போகும் பாதை. அங்கே டிராக்டர் ஓட்டுகிறவன் இவள் உடன்பிறந்த தம்பி.

“அக்கா, தள்ளவா வேணாமா? மேலேருந்து பைலட் என் உயிர வாங்குறாரு,” என்று ரேடியோவில் கத்துகிறான், விமானத்தைத் தள்ளும் வண்டியின் ஓட்டுநர்.

இவள் முதுகுக்குப் பின்னால் மேலாளர். நேரத்தைத் தவிர வேறெதையும் பாராத மகான். ஆகவே தளத்தில் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர்.

“ஏம்மா, அதான் ஆளு கல்லு மாதிரி நிக்கிறான்ல? அனுமதியக் குடு.”

“நிக்கிறாரு சார். கூப்பிட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரே.”

“வாயத் தொறக்காம வேலை பாக்குறவன் கெடைக்கிறதே அபூர்வம்மா. நீயும் கத்துக்கோ.”

இவள் கற்றுக்கொள்ளவில்லை. பொத்தானை அழுத்துகிறாள், அனுமதிக்காக அல்ல.

“வண்டிய நிறுத்திட்டு எறங்கிப் போப்பா. அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்துட்டு வா.”

கடிகாரம் பல்லைக் கடிக்கிறது. ஓட்டுநர் போகிறான். திரும்பி வந்தவன் குரலில் சிரிப்பா நடுக்கமா என்று தெரியவில்லை.

“மூஞ்சியே இல்லக்கா. ரோட்டுல தடுப்புக்கு வைக்கிற கூம்புல தொடப்பக்கட்டைய நட்டு சட்டைய மாட்டிருக்காங்க. இவரு நிக்கிறாருங்கிற தைரியத்துல, பின்னாடியே உங்க தம்பி பழுதான வண்டிக்கு அடியில படுத்துக் கெடக்கான்.”

நாற்காலியின் கையை இவள் பிடித்த பிடியில் நகம் மடங்குகிறது.

விசாரணை வைக்கிறார்கள். வைக்காமல் இருப்பார்களா? ஆட்குறைப்பில் வேலை போன இறக்கைக் காவலர்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. விமானத்தைத் தாமதப்படுத்திய குற்றத்துக்கு இவளிடம் விளக்கம் கேட்கிறார்கள். இவளும் உள்ளதைச் சொல்கிறாள்: இடது இறக்கையிலிருந்து பதில் வரவில்லை.

குறை கண்டுபிடிக்கப்படுகிறது. குறை உடனே நீக்கவும் படுகிறது.

இதோ, இன்று மீண்டும் அதே மூலையில் ஒரு விமானம். கேமராவில் அதே விறைப்பான முதுகு. ஆனால் அதன் இடுப்பில் புத்தம்புது ரேடியோ தொங்குகிறது.

“இடது இறக்கை, சொல்லுங்க,” என்கிறாள் இவள்.

“இடது இறக்கை, தடையில்ல!”

கணீரென்ற பதில். ரேடியோவிலும் வருகிறது, பின்னால் மேலாளர் அறையின் கதவிடுக்கிலும் வருகிறது.

இவள் கட்டைவிரல் இன்னும் அழுத்தவில்லை. ஒற்றை ஆளாக எத்தனை நேரம் இவள் தாக்குப்பிடிப்பாள்?

அந்த விமானத்துக்குள் அமர்ந்திருக்கும் கனவான்களே, தாய்மார்களே! கைக்கடிகாரத்தைத் தட்டியது போதும். தலைக்கு மேலுள்ள அழைப்பு மணியை அழுத்துங்கள். இறக்கைக்குக் கீழே நிற்பது மனிதனா என்று கேளுங்கள். மழுப்பினால் மறுபடியும் அழுத்துங்கள். ஒரு மனிதன் அங்கே வந்து நிற்கும்வரை விரலை எடுக்காதீர்கள்!