ஹவுஸ்ஃபுல் பலகை

சினிமா தியேட்டர் விளையாட்டுப் பெட்டி ஒன்று மேசைமேல் இருந்தது. நாற்காலிக்கு ஒன்றாகப் பொம்மைகள். எல்லா நாற்காலியிலும் பொம்மைகள் உட்கார்ந்த பிறகுதான் 'ஹவுஸ்ஃபுல்' பலகை வாசலுக்கு வரவேண்டும் என்பது அதில் சட்டம். பலகைக்கோ பொறுமை கிடையாது. ஒருநாள் கடைசி வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும்போதே ஓடிப்போய் வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டது.

அந்த நேரம் பார்த்து மஞ்சள் பொம்மை மூச்சிரைக்க வந்தது.

"அண்ணே, ஒரே ஒரு டிக்கெட். ஓரமா இருந்தாலும் பரவாயில்ல."

"எழுதியிருக்கிறது கண்ணுக்குத் தெரியலையா? அடுத்த ஆட்டத்துக்கு வா."

"இங்க இடம் இருக்கே" என்று உள்ளேயிருந்து நாற்காலி குரல் கொடுத்தது. பலகை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மஞ்சள் பொம்மை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்து, மேசை விளிம்பில் கால் தவறி விழுந்தது. காலையில் பெருக்கிய குப்பையோடு அதுவும் போயிற்று.

அதன்பிறகு எத்தனையோ ஆட்டம் நடந்தது. எல்லாரும் உட்கார்ந்த பின்னும் அந்த ஒரு நாற்காலி நிறையவில்லை. பலகையை யாரும் வெளியே எடுக்கவும் இல்லை.

ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பெட்டியின் அடியில் கிடந்தபடி பலகை அந்த நாற்காலியிடம் கேட்கும்.

"யாராவது வந்தாங்களா?"

"இல்லண்ணே. இடம் இருக்கு."