சிதறிப்போன எழுத்து

“இன்னைக்கும் எழுத்தெல்லாம் சிதறிப் போய்த்தான் வந்திருக்கு. ஒரு வார்த்தைகூடப் புரியல. யாராவது போன் பண்ணிப் படிச்சுச் சொல்லுங்கப்பா.”

டோ மியா யீ அனுப்பிய குரல் பதிவை, ஆபீஸே கேட்கும்படி சத்தமாகப் போட்டார் மேலாளர் ஊ தௌங். பர்மாக்காரர்கள் விரும்பித் தின்னும் ஊறல் தேயிலையை மாண்டலேயில் விற்கும் பெரிய வியாபாரி அந்த அம்மாள். நாலு நாளாகத் தினமும் குரலிலேயே புகார்.

நேமின் தலையைக் குனிந்துகொண்டான். கடைகளுக்கு ஆர்டரைச் செய்தியாக அனுப்பும் புரோகிராம் அவன் எழுதியது. பர்மிய எழுத்துக்குப் போனில் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு. ஒன்றில் அனுப்பியதை மற்றதில் திறந்தால் எழுத்து இடம் மாறிக் குழம்பும். ஊரே பட்ட தொல்லை என்பதால் புகாரை யாரும் சந்தேகிக்கவில்லை. அவனும் இரண்டு முறையிலும் மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்துவிட்டான். எல்லாம் சரியாகவே போய்ச் சேர்ந்தது.

“நம்ம பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்.”

“அப்போ அந்தம்மா பொய் சொல்றாங்களா? வா, நேர்லயே பார்த்துடுவோம். உன் தப்புன்னு தெரிஞ்சா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.”

பக்கத்து மேசைப் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள். நேமினுக்கு அவமானத்தில் காது சுட்டது. கல்யாணமாகி இரண்டு மாதம்தான். வேலை போனால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது?

கடை வாசலிலேயே டீயோடு உட்கார்ந்துவிட்டார் ஊ தௌங். உள்ளே பத்துப் பெண்கள் தேயிலை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நேமின் டோ மியா யீயின் போனை வாங்கிச் செய்தியைத் திறந்தான். முத்து முத்தாக இருந்தது. ஓர் எழுத்துகூட இடம் மாறவில்லை.

“நல்லாத்தானே இருக்கு? சத்தமாப் படிங்கம்மா, எல்லாரும் கேக்கட்டும்” என்று போனை நீட்டினான். நாலு நாள் ஆத்திரம் அதில் இருந்தது.

அவர் போனை வாங்கவில்லை. முகம் வெளுத்துப் போய், அவன் பக்கம் குனிந்தார்.

“எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி. எல்லாம் எங்க வீட்டுக்காரருதான் படிச்சுச் சொல்வாரு. அவரு செத்து ஏழாம் நாள் சோறு போட்டு நாலு நாள்தான் ஆகுது. இந்தப் பொண்ணுங்களுக்குத் தெரிஞ்சா நான் எப்படிக் கடையில உக்கார்றது?”

நேமினுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பெண்கள் கையை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தார்கள்.

“என்னப்பா, தப்பு எங்கே?” வாசலிலிருந்து குரல் கொடுத்தார் ஊ தௌங்.

“என் புரோகிராம்லதான் சார்.”