நாலாவது சரணம்

ஆம்பூரில் எங்கள் தெரு எபனேசர், ஷூ கம்பெனி சூப்பர்வைசர், 2005இல் எங்கள் சர்ச்சுக்கு ஒரு டிஜிட்டல் பியானோ வாங்கிக் கொடுத்தார். அன்றுமுதல் ஆராதனையில் அவரே வாசிக்கிறார்; ஆனால் வாங்கிய அளவுக்கு வாசிக்க வராது. புதுப் போதகரோ, "இந்த ஞாயிறு கேக்குறேன். சரியில்லன்னா வேற ஆள்" என்று சொல்லிவிட்டார். இருபது வருஷ நாற்காலி ஆட்டம் கண்டது.

மனுஷன் குறுக்கு வழி பிடித்தார். தங்கை மகள் கரோலினை வாசிக்க வைத்து, ஞாயிறு பாட்டின் முதல் மூன்று சரணத்தை மட்டும் கம்பெனி லேப்டாப்பில் பதிந்துகொண்டார். இரண்டுக்கும் நடுவே மிடி ஒயரை மாட்டினால் லேப்டாப் சொல்லும், பியானோ ஒலிக்கும். இவர் விரலை ஆட்டினால் போதும்.

"நம்ம ஜனங்க அடிக்கு அடி இழுப்பாங்களே, மிஷின் காத்திருக்குமா?" என்றாள் மனைவி எப்சி.

"நீ பேஜார் பண்ணாதே."

ஞாயிறன்று சபை வழக்கம்போல இழுத்தது. பியானோ ஒவ்வோர் அடியிலும் பொறுமையாகக் காத்திருந்தது. எபனேசருக்கு வியர்த்தது. குஷியான போதகர், "நாலாவது சரணமும் பாடுவோம்" என்றார். எபனேசரின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. நாலாவதும் வந்தது, மற்ற மூன்றையும்விட அழகாக.

ஆராதனை முடிந்தது. எப்சி ஒயரைக் கழற்றி, லேப்டாப்பைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். போதகர் எபனேசரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இனிமே நீங்கதான்யா. வேற யாரையும் தேட மாட்டேன்."

பின்னால், யாரும் உட்காராத பியானோ அடுத்த பாட்டை எடுத்துக் கொடுத்தது. வாசல்வரை போன சபை திரும்பி வந்து, சந்தோஷமாகப் பாட ஆரம்பித்தது.