வெள்ளி முழங்கால்

நோய் குணமானதை உடலைச் சோதிக்கும் கருவி உறுதிசெய்தால்தான் எங்கள் திருத்தலத்தில் நேர்ச்சைக் காணிக்கையை வாங்குவோம். எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போய் இயற்பியல் படித்த எனக்கு, அந்தக் கருவியின் பொத்தானை அமுக்கும் வேலைதான் கிடைத்தது.

மீன் விற்கும் பிரகாசி மாமி, வெள்ளியில் செய்த முழங்கால் ஒன்றை மேசைமேல் வைத்தார். மாதா மூட்டுவலியைத் தீர்த்துவிட்டாளாம். கருவி அவர் காலைப் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டது.

“மாமி, மூட்டு தேஞ்சது தேஞ்சபடியேதான் இருக்கு. வாங்க முடியாது.”

“ஏழு மணி நேரம் நடந்துல்லா வந்திருக்கேன்! நேர்ச்சையச் செலுத்தாம மாதா மொகத்துல எப்படி முழிப்பேன்?”

“இந்த மூட்ட வச்சிக்கிட்டு நாலு எட்டுகூட நடக்க முடியாதுன்னு கருவி சொல்லுது.”

“அப்படியா சொல்லுது?” மாமியின் முகம் மலர்ந்தது. “அத அப்படியே அடிச்சுக் குடு, மக்களே.”

எரிச்சலோடு சீட்டை அடித்துக் கொடுத்தேன். வாசித்த பங்குச்சாமியார், அத்தனை தூரம் நடந்து வந்து நின்ற மாமியைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். வெள்ளி முழங்காலை வாங்கி, சீட்டோடு சேர்த்துப் பீடத்தில் அவரே வைத்தார்.

மறுநாள் வரிசை தெருமுனை வரை நின்றது. முதல் ஆள் கைபேசியில் செய்தி வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னிடம் குனிந்தார்.

“எனக்குக் கண்ணு தெரியாதுன்னு ஒரு சீட்டு அடிச்சுக் குடும்மா.”