தராசுத் தட்டில் எலி

காலை வெயில் சமையல் மேடையில் இருக்கும் தராசின் மீது விழுகிறது. தட்டில் அவர்கள் வளர்க்கும் வெள்ளை எலி பிசைந்த மாவு போலப் பரந்து உட்கார்ந்திருக்கிறது. எழுநூற்று நாற்பது கிராம். போன வாரத்தைவிட இருபது கூடுதல். கணவன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்க்கிறான். சூரியகாந்தி விதையை நிறுத்தி ஒரு மாதமாகிறது. தீனியைக் காகிதச் சுருள்களுக்குள் ஒளித்துவைத்துத் தேடவும் விடுகிறான். இன்னும் பெருத்தால் இதயம் தாங்காது என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். எலியின் மீசையில் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்கிறது. "நீ குடுத்தியா?" மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "தினமும்தான் குடுக்கறேன்." "செத்துப்போயிடும்டி." "எனக்குக் காய்ச்சல் வந்தப்ப டாக்டர் வீடு எங்கன்னுகூட உங்களுக்குத் தெரியல. இந்த வீட்டுல நான் கூப்பிட்டா வர்ற ஜீவன் இது ஒண்ணுதான்." அவன் பிஸ்கட் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டுகிறான். சாவி சட்டைப்பைக்குள் விழுகிறது. அவள் ஈரக்கையைத் துடைத்து, உள்ளங்கையை விரித்து மேடைமேல் வைக்கிறாள். "வாடா குண்டா." எலி தட்டிலிருந்து இறங்கி, வயிறு மேடையில் உரச ஓடிவருகிறது. ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கிறது. பிறகு மூக்கைத் திருப்பிக்கொண்டு சுவரோரமாக நடக்கிறது. "பாத்தியா," என்கிறான் கணவன் நிறைவோடு. "ரெண்டே வாரத்துல இளைச்சிடும்."